நெய்வேலி கேட்டில் நிற்பது ராணுவமா? சிஐஎஸ்எஃப்-க்கும் முப்படைக்கும் என்ன வித்தியாசம்? முழு விளக்கம்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் என்எல்சி சுரங்கத்துக்குள்ளோ, அனல்மின் நிலையத்துக்குள்ளோ யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. கேட்டில் துப்பாக்கியோடு நிற்கும் வீரரிடம் பாஸைக் காட்ட வேண்டும். வெளியூரில் இருந்து முதல்முறை வருபவர்கள் அவரைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, "நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதுக்குங்க மிலிட்டரி?"

அவர் மிலிட்டரி இல்லை. சிஐஎஸ்எஃப் எனப்படும் மத்திய தொழில் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர். "ரெண்டும் ஒண்ணுதானே, யூனிஃபார்ம், துப்பாக்கி எல்லாம் இருக்கே" என்று தோன்றலாம். ஆனால் அந்த வீரர் யாரைக் கைது செய்யலாம், அவர் தவறு செய்தால் யார் விசாரிப்பார்கள், ஓய்வுபெற்றால் என்ன பென்ஷன் கிடைக்கும், அந்த வேலைக்குப் போக எந்தத் தேர்வு எழுத வேண்டும் என எல்லாமே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முடிவாகிறது.

இந்தியாவில் எத்தனை படைகள்? எது ராணுவம், எது போலீஸ்? நெய்வேலியில் இருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் சுருக்கமான பதில்

சீருடை, துப்பாக்கி இரண்டையும் மறந்துவிடுங்கள். அந்தப் படை எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ்: தரைப்படை, கடற்படை, விமானப்படை. கூடவே கடலோரக் காவல்படை.

உள்துறை அமைச்சகத்தின் கீழ்: சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி. இவற்றுக்குப் பொதுப்பெயர் மத்திய ஆயுதக் காவல் படைகள்.

மாநில அரசின் கீழ்: தமிழ்நாடு போலீஸ், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை.

நெய்வேலியில் ஒரே ஊருக்குள் இந்தக் கணக்கு தெளிவாகத் தெரியும். சுரங்கம் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் வரும் நிறுவனத்துடையது. கேட்டில் நிற்பவர் மத்திய உள்துறையின் ஆள். கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிற்பவர் தமிழ்நாடு போலீஸ். பாதுகாப்பு அமைச்சகத்துக்கு இந்த மூன்றிலும் வேலை இல்லை.

முப்படை என்றால் எவை?

நாட்டை வெளி எதிரியிடம் இருந்து காப்பதுதான் முப்படையின் முதல் வேலை. மூன்றுக்கும் தலைமைத் தளபதி குடியரசுத் தலைவர். அரசியல் சாசனத்தின் 53-வது பிரிவு இதைச் சொல்கிறது. நடைமுறையில் முடிவெடுப்பது மத்திய அமைச்சரவை. மூன்று படைகளையும் ஒருங்கிணைக்க 'முப்படைத் தலைமைத் தளபதி' என்ற புதிய பதவி உருவாக்கப்பட்டு, 2020 ஜனவரி 1-ல் ஜெனரல் பிபின் ராவத் முதல் ஆளாகப் பொறுப்பேற்றார். 2021 டிசம்பர் 8-ல் குன்னூர் அருகே நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் அவர் உயிரிழந்தது நினைவிருக்கும்.

தரைப்படை: மூன்றில் மிகப் பெரியது. சுமார் 12 லட்சம் பேர். தமிழ்நாட்டில் இதன் முக்கிய முகவரிகள் குன்னூர் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியும். சுதந்திர இந்தியாவின் தரைப்படைக்கு 1949 ஜனவரி 15-ல் கே.எம்.கரியப்பா முதல் இந்தியத் தளபதியானார். அதனால்தான் அந்த நாள் ராணுவ தினம்.

கடற்படை: அரக்கோணத்தில் உள்ள ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம், ராமநாதபுரம் உச்சிப்புளியில் உள்ள ஐஎன்எஸ் பருந்து, நெல்லை விஜயநாராயணத்தில் உள்ள ஐஎன்எஸ் கட்டபொம்மன் எல்லாம் கடற்படையுடையவை. "அரக்கோணத்தில் கடலே இல்லையே" என்று கேட்கலாம். கடலுக்கு மேலே நீண்ட தூரம் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பி-8ஐ விமானங்கள் கிளம்புவது அங்கிருந்துதான்.

விமானப்படை: தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் ஆகியவை தமிழ்நாட்டில் உள்ள முக்கியத் தளங்கள். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்களின் 222-வது படைப்பிரிவு தொடங்கப்பட்டது. பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கக்கூடிய விமானங்கள் அவை.

கடலோரக் காவல்படை: பலரும் இதைக் கடற்படையின் ஒரு பிரிவு என்று நினைக்கிறார்கள். இது தனிப் படை. 1978-ல் தனிச் சட்டம் மூலம் உருவானது. கடத்தல் தடுப்பு, நடுக்கடலில் சிக்கும் மீனவர்களை மீட்பது, கடலில் எண்ணெய் கசிந்தால் கட்டுப்படுத்துவது ஆகியவை இதன் வேலைகள். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் முப்படைக் கணக்கில் சேராது.

அப்போ சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் எல்லாம் ராணுவம் இல்லையா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள்.

2019 பிப்ரவரி 14, புல்வாமா தாக்குதல். வீரமரணம் அடைந்த 40 பேரும் சிஆர்பிஎஃப் வீரர்கள். அவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், இன்னொருவர் கடலூருக்குப் பக்கத்தில் உள்ள அரியலூர் மாவட்டம். ஊர் ஊராக ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களிலும் பலருடைய பேச்சிலும் அவர்கள் 'ராணுவ வீரர்கள்' ஆனார்கள். மரியாதையில் குறை இல்லை. ஆனால் சட்டப்படி சிஆர்பிஎஃப் உள்துறையின் கீழ் வரும் படை. இழப்பீடு, பென்ஷன், மருத்துவ வசதி என அந்தக் குடும்பங்கள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறும்போது இந்த வித்தியாசம் அவர்கள் முன்னால் வந்து நிற்கும்.

மத்திய ஆயுதக் காவல் படைகள் ஐந்தும் என்ன செய்கின்றன?

பிஎஸ்எஃப்: எல்லைப் பாதுகாப்புப் படை. பாகிஸ்தானுடன் நடந்த போரைத் தொடர்ந்து 1965 டிசம்பர் 1-ல் உருவானது. பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளைக் காக்கிறது.

சிஆர்பிஎஃப்: மத்திய ரிசர்வ் போலீஸ் படை. வெள்ளைக்காரர் காலத்தில், 1939-ல் தொடங்கியது. தேர்தல் பாதுகாப்பு, கலவரக் கட்டுப்பாடு, மாவோயிஸ்ட் எதிர்ப்பு நடவடிக்கை, காஷ்மீர் பணி எல்லாம் இதன் பொறுப்பு.

ஐடிபிபி: இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை. சீனப் போர் நடந்த 1962-ல் உருவானது. சீன எல்லை இதன் பொறுப்பு.

எஸ்எஸ்பி: சசஸ்திர சீமா பல். நேபாளம், பூடான் எல்லைகளைப் பார்த்துக்கொள்கிறது.

சிஐஎஸ்எஃப்: தொழிற்சாலை, சுரங்கம், விமான நிலையம், அணுமின் நிலையம் போன்ற இடங்களின் பாதுகாப்பு. நெய்வேலி கேட்டில் நீங்கள் பார்ப்பது இதைத்தான்.

இவற்றோடு அசாம் ரைஃபிள்ஸ் என்று ஒன்று உண்டு. அதன் நிர்வாகம் உள்துறையிடம், களத்தில் உத்தரவு போடுவது தரைப்படை. எல்லாவற்றையும் 'துணை ராணுவம்' என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. 2011-லேயே உள்துறை அமைச்சகம் ஐந்து படைகளுக்கும் 'மத்திய ஆயுதக் காவல் படைகள்' என்ற பெயரையே பயன்படுத்தச் சொல்லிவிட்டது. ஆனாலும் பேச்சிலும் செய்தியிலும் பழைய பெயர்தான் இன்னும் ஓடுகிறது.

சிஐஎஸ்எஃப் எப்படி உருவானது?

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய பெரிய அரசு ஆலைகள் வந்தன. அவற்றில் ஒன்றுதான் 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம். 1957-ல் சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். அந்தக் காலத்தில் ஆலைகளுக்கு அந்தந்த நிறுவனமே வாட்ச்மேன்களை வைத்துக்கொண்டது. பயிற்சி குறைவு, அதிகாரமும் குறைவு.

1964-ல் ராஞ்சியில் உள்ள கனரகப் பொறியியல் கழக ஆலையில் பெரிய தீ விபத்து நடந்தது. அதை விசாரித்த நீதிபதி முகர்ஜி கமிஷன், பொதுத்துறை ஆலைகளுக்கென்றே பயிற்சி பெற்ற தனிப் படை வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தது. 1968-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 மார்ச் 10-ல் சிஐஎஸ்எஃப் பிறந்தது. அப்போது மொத்தமே மூன்று பட்டாலியன்தான்.

அடுத்து நடந்தது பலருக்கும் தெரியாத ஒரு கசப்பான கதை. ஆரம்பத்தில் சிஐஎஸ்எஃப் ஆயுதப்படையாகக் கருதப்படவில்லை. சம்பளம், பணிச் சூழல் சரியில்லை என்று வீரர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1979 ஜூனில் போகாரோ உருக்காலையில் இருந்த சிஐஎஸ்எஃப் வீரர்களிடம் இருந்து ஆயுதங்களைப் பறிக்க அரசு அனுப்பியது யாரைத் தெரியுமா? ராணுவத்தை. துப்பாக்கிச் சண்டை மூண்டது. இரண்டு பக்கமும் உயிர்கள் போயின.

அதன் பிறகு 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. சிஐஎஸ்எஃப் 'ஒன்றியத்தின் ஆயுதப்படை' என்று அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாடு இறுகியது. 'ஆயுதப்படை' என்ற இந்த ஒற்றைச் சொல்தான் பின்னாளில் பென்ஷன் வழக்கில் முக்கிய வாதமாக வந்தது. அதைக் கீழே பார்க்கலாம்.

ஐசி-814 விமானம் 1999 டிசம்பரில் கடத்தப்பட்ட பிறகு, 2000-ல் இருந்து விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக சிஐஎஸ்எஃப் கைக்கு வந்தன. 2008 மும்பை தாக்குதலுக்குப் பிறகு 2009-ல் சட்டம் மறுபடி திருத்தப்பட்டு, தனியார் நிறுவனங்களுக்கும் காவல் கொடுக்கலாம் என்றானது. பெங்களூரு இன்ஃபோசிஸ் வளாகம் அந்தப் பாதுகாப்பைப் பெற்ற முதல் தனியார் இடம். 2024-ல் நாடாளுமன்றமே சிஐஎஸ்எஃப் பாதுகாப்பின் கீழ் வந்தது. 2025-ல் படையின் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 2.20 லட்சமாக உயர்த்தப்பட்டது.

தமிழ்நாட்டில் நெய்வேலி தவிர சென்னை விமான நிலையம், கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்கள் எல்லாம் சிஐஎஸ்எஃப் காவலில்தான் இருக்கின்றன. அரக்கோணம் அருகே தக்கோலத்தில் இந்தப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதற்கு ராஜாதித்த சோழன் பெயர் சூட்டப்பட்டது. 10-ம் நூற்றாண்டில் இதே தக்கோலத்தில் நடந்த போரில் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்ட சோழ இளவரசர் அவர்.

நிலக்கரிச் சுரங்கத்துக்கு எதுக்கு இவ்வளவு காவல்?

நெய்வேலியில் வெட்டி எடுப்பது பழுப்பு நிலக்கரி. சுரங்கத்தில் இருந்து கன்வேயர் பெல்ட் வழியாக நேராக அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அங்கே தயாராகும் மின்சாரம் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா எனத் தென்னிந்தியா முழுக்கப் போகிறது. சுரங்கத்தில் ஒரு இடத்தில் வேலை நின்றால், பல ஊர்களில் அதன் பாதிப்பு தெரியும்.

அதோடு பல சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் சுரங்கத்தில் செம்புக் கேபிள், இரும்பு, இயந்திர உதிரிபாகம் எல்லாம் இருக்கும். இவற்றைத் திருட்டுப் போகாமல் காப்பதும், உள்ளே வரும் ஆட்களையும் வண்டிகளையும் சோதிப்பதும், நாசவேலையைத் தடுப்பதும்தான் அங்கு சிஐஎஸ்எஃப் வேலை.

செலவு யார் தலையில்? இதுவும் சுவாரசியமான விஷயம். ராணுவத்துக்கு மொத்தச் செலவும் மத்திய பட்ஜெட்டில் இருந்து போகிறது. சிஐஎஸ்எஃப் அப்படி இல்லை. எந்த நிறுவனம் பாதுகாப்பு கேட்கிறதோ, அதுவே அங்கு பணியில் இருக்கும் வீரர்களுக்கான செலவைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அதாவது நெய்வேலி கேட்டில் நிற்கும் காவலுக்கான பில் என்எல்சிக்குப் போகும். ஆனால் அந்த வீரர்களுக்கு உத்தரவு போடுவது என்எல்சி அதிகாரி அல்ல, அவர்களுடைய கமாண்டன்ட். காசு ஒரு இடம், கட்டளை இன்னொரு இடம்.

சிஐஎஸ்எஃப் வீரர் உங்களைக் கைது செய்யலாமா?

செய்யலாம். ஆனால் ஒரு எல்லை வரைதான்.

சிஐஎஸ்எஃப் சட்டத்தின் 11-வது பிரிவின்படி, பாதுகாக்கும் நிறுவனத்தின் சொத்து அல்லது ஊழியர் தொடர்பான குற்றம் நடந்தால், பணியைச் செய்யவிடாமல் வீரரைத் தாக்கினால், சந்தேகப்படும்படி உள்ளே ஒளிந்திருந்தால் வாரன்ட் இல்லாமல் கைது செய்ய அதிகாரம் உண்டு. 13-வது பிரிவு அடுத்த படியைச் சொல்கிறது. பிடிபட்டவரைத் தாமதிக்காமல் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். எஃப்ஐஆர் போடுவது, விசாரிப்பது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எல்லாம் தமிழ்நாடு போலீஸ் வேலை.

ஏன் அப்படி? அரசியல் சாசனத்தில் சட்டம் ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மத்தியப் படை என்பதால் மாநில போலீசை ஓரங்கட்டிவிட முடியாது.

இதை நெய்வேலி மிகக் கசப்பாக உணர்ந்தது 2014-ல். அந்த ஆண்டு மார்ச் மாதம், இரண்டாம் சுரங்க நுழைவாயிலில் ஏற்பட்ட வாக்குவாதத்தில் சிஐஎஸ்எஃப் வீரர் ஒருவர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தொழிலாளர்கள் கொதித்துப்போனார்கள். நெய்வேலி முழுக்கப் போராட்டம் வெடித்தது. சுட்டவர் மத்தியப் படை வீரர். ஆனால் அவரைக் கைது செய்தது தமிழ்நாடு போலீஸ்.

இங்கே ராணுவத்தோடு ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. ராணுவ வீரர்களுக்கு ராணுவச் சட்டமும், கோர்ட் மார்ஷல் எனப்படும் படை நீதிமன்றமும் உண்டு. சிஐஎஸ்எஃப்-க்கு கோர்ட் மார்ஷல் கிடையாது. துறைரீதியான நடவடிக்கை தனியாக நடக்கும். கொலை போன்ற குற்றம் என்றால் சாதாரண மனிதரைப் போலவே வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். கேட்டில் ஏதாவது அத்துமீறல் நடந்தால் அந்தப் படையின் அதிகாரியிடம் மட்டுமில்லை, உள்ளூர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று அர்த்தம்.

2023 ஜூலையில் என்எல்சி நிலம் கையகப்படுத்துவதை எதிர்த்து நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகைப் போராட்டம் வன்முறையானபோது கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீய்ச்சல், கைது என்று நடந்தது. அப்போது டிவியில் நீங்கள் பார்த்தது மாநில போலீசை. கேட்டுக்கு உள்ளே சொத்தைக் காப்பது ஒரு படை, ரோட்டில் கூடும் மக்களைக் கையாள்வது இன்னொரு படை.

அப்போ உண்மையான ராணுவம் எப்போ வரும்?

மாநில அரசால் சமாளிக்க முடியாத நிலை வந்து, கோரிக்கை வைத்தால் வரும். பெரும்பாலும் வெள்ளம், புயல், பூகம்பம் போன்ற பேரிடர்களில். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முப்படையும் இறங்கியது. சென்னை விமான நிலையம் மூழ்கியபோது, பயணிகள் விமானங்களுக்கு ஓடுதளம் கொடுத்தது கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளிதான்.

அப்போது படகில் வந்து மக்களை மீட்ட ஆரஞ்சு உடைக்காரர்கள் நினைவிருக்கிறார்களா? அவர்கள் என்டிஆர்எஃப் எனப்படும் தேசியப் பேரிடர் மீட்புப் படை. அவர்களையும் ராணுவம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் உள்துறையின் கீழ்தான். மத்திய ஆயுதக் காவல் படைகளில் இருந்து ஆட்களை எடுத்து உருவாக்கிய படை அது. அரக்கோணத்தில் உள்ள என்டிஆர்எஃப் 4-வது பட்டாலியன், சிஐஎஸ்எஃப்-ல் இருந்து பிறந்தது. ஆக, புயல் நேரத்தில் கடலூர் கரையோரத்தில் உங்களை மீட்க வருபவர், முன்பு ஏதோ ஒரு ஆலை கேட்டில் காவலுக்கு நின்றவராக இருக்கலாம்.

ஒரே துப்பாக்கி, வேறு வேறு பென்ஷன்

இந்தக் குடும்பங்களில் அதிகம் பேசப்படும் விஷயம் இதுதான்.

மத்திய அரசு ஊழியர்களில் 2004 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. சம்பளத்தில் பிடித்தம் செய்து முதலீடு செய்யும் என்பிஎஸ் திட்டம்தான். விதிவிலக்கு ஆயுதப்படைகளுக்கு மட்டும். முப்படைக்கு அந்த விதிவிலக்கு கிடைத்தது. சிஐஎஸ்எஃப், சிஆர்பிஎஃப் போன்ற படைகளுக்கு கிடைக்கவில்லை.

"சட்டத்திலேயே எங்களை ஒன்றியத்தின் ஆயுதப்படைனு சொல்லிட்டு, பென்ஷன்ல மட்டும் சிவிலியனா?" இதுதான் வீரர்கள் தரப்பின் கேள்வி. 2023 ஜனவரி 11-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. இந்தப் படைகளும் ஆயுதப்படைகளே, பழைய பென்ஷன் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. அங்கு தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதிக்கப்பட்டது. இதற்கிடையே மத்திய அரசு ஊழியர்களுக்கு யுபிஎஸ் என்ற இன்னொரு பென்ஷன் திட்டம் 2025 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 25 ஆண்டு பணி முடித்தவர்களுக்குக் கடைசி 12 மாத சராசரி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உறுதி என்பது அதன் சாரம்.

வேறு என்னென்ன வித்தியாசம்?

'முன்னாள் படைவீரர்' அந்தஸ்து: முப்படையில் இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கே. அவர்களுக்கு மத்திய அரசு வேலைகளில் சி பிரிவில் 10 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மாவட்டம்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. சிஐஎஸ்எஃப்-ல் ஓய்வுபெற்றவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஒரே பதவி, ஒரே பென்ஷன்: முப்படைக்கு மட்டும்.

கேன்டீன்: ராணுவத்துக்கு சிஎஸ்டி கேன்டீன். உள்துறைப் படைகளுக்கு 'கேந்திரிய போலீஸ் கல்யாண் பண்டார்' என்ற தனி கேன்டீன்.

ஓய்வு வயது: சிஐஎஸ்எஃப் வீரர் 60 வயது வரை பணியில் இருக்கலாம். ராணுவத்தில் சிப்பாய் நிலையில் இருப்பவர் பல ஆண்டுகள் முன்னதாகவே, 40 வயதை ஒட்டி வெளியே வந்துவிடுவார். அதனால்தான் முப்படைக்குச் சீக்கிரமே பென்ஷன் தேவைப்படுகிறது என்பது அரசுத் தரப்பை ஆதரிப்பவர்களின் வாதம்.

நெய்வேலிப் பசங்க எந்தத் தேர்வு எழுதணும்?

அதிகாலையில் கிரவுண்டில் ஓடும் இளைஞர்களைக் கேட்டால் பாதிப்பேர் "ஆர்மிக்கு டிரை பண்றேன்" என்பார்கள். ஆனால் விண்ணப்பம் போட்டிருப்பது எஸ்எஸ்சி ஜிடி தேர்வுக்காக இருக்கும். அது ராணுவத் தேர்வு இல்லை. இரண்டுக்கும் வழியே வேறு.

அக்னிவீர்: தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் அதிகாரி அல்லாத பணிகளுக்கான வழி. 2022 ஜூன் 14-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம். 4 ஆண்டு பணி. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். முடிவில் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டும் நிரந்தரம். மற்றவர்களுக்கு பென்ஷன் இல்லை. ஆக, "முப்படைன்னா பென்ஷன் கன்ஃபார்ம்" என்று இனி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கடலோரக் காவல்படைக்கு அக்னிபத் பொருந்தாது. அதற்குத் தனித் தேர்வு.

எஸ்எஸ்சி ஜிடி கான்ஸ்டபிள்: சிஐஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி, எஸ்எஸ்பி, அசாம் ரைஃபிள்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே தேர்வு. 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 முதல் 23. ஓபிசிக்கு 3 ஆண்டு, எஸ்சி, எஸ்டிக்கு 5 ஆண்டு தளர்வு. பொதுவான உயரம் ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 157 செ.மீ. ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்திலும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடத்திலும் ஓடி முடிக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே எந்தப் படை வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். வித்தியாசம் தெரியாமல் கண்டபடி டிக் அடித்தால், வேலை முழுக்க அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். சிஐஎஸ்எஃப் என்றால் பெரும்பாலும் ஆலை, விமான நிலையம், மெட்ரோ. பிஎஸ்எஃப் என்றால் எல்லை.

தமிழில் எழுதலாமா? எழுதலாம். முன்பு இந்தி, ஆங்கிலத்தில் மட்டும் இந்தத் தேர்வு நடந்தது. 2023 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இதை எதிர்த்து உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் தேர்வு நடத்த உள்துறை ஒப்புதல் தந்தது. 2024-ல் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. மொழிப் பகுதிக்கு மட்டும் ஆங்கிலமோ இந்தியோ எடுத்தாக வேண்டும்.

அதிகாரி ஆக: முப்படைக்கு என்டிஏ, சிடிஎஸ் தேர்வுகள். உள்துறைப் படைகளுக்கு யுபிஎஸ்சி நடத்தும் அசிஸ்டென்ட் கமாண்டன்ட் தேர்வு. சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்கு எஸ்எஸ்சி நடத்தும் தனித் தேர்வு. வயது, தகுதி அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

பார்த்தவுடன் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதவிப் பெயரைக் கேளுங்கள். கான்ஸ்டபிள், ஹெட் கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டர், கமாண்டன்ட், டிஐஜி என்றால் உள்துறைப் படை. சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார், மேஜர், கர்னல் என்றால் தரைப்படை.

தோள்பட்டையைப் பாருங்கள். படையின் பெயர்ச் சுருக்கம் அங்கே இருக்கும்.

வண்டி நம்பர் பிளேட்டைப் பாருங்கள். ராணுவ வண்டிகளில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். உள்துறைப் படைகளின் வண்டிகளில் சாதாரண எண்தான்.

பச்சைப் புள்ளி போட்ட உடையை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். பல படைகளிலும் அது உண்டு. 2022 ராணுவ தினத்தில் தரைப்படை புதிய வடிவ உடையை அறிமுகப்படுத்தி அதன் வடிவமைப்புக்கு உரிமைப் பதிவும் செய்ததற்கு ஒரு காரணம், மற்றவர்கள் அதைப் போட்டுக்கொள்ளாமல் தடுப்பதுதான்.

மொத்தத்தில்...

எல்லையில் போர் செய்வது ஒரு வேலை. ஊருக்குள் இருக்கும் சுரங்கத்தை, மின் நிலையத்தை, விமான நிலையத்தை ராத்திரி பகலாகக் காப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் வேறு சட்டம், வேறு அமைச்சகம், வேறு கட்டுப்பாடு. ராணுவத்தைப் பொதுமக்களின் அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவராமல் இருப்பதற்காகவே இந்தப் பிரிவினை.

அதனால் அடுத்தமுறை நெய்வேலி பக்கம் போனால், பக்கத்தில் இருப்பவர் "மிலிட்டரி நிக்குது பாரு" என்றால், "இல்லைங்க, அவரு சிஐஎஸ்எஃப்" என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் யாராவது யூனிஃபார்ம் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தால், விண்ணப்பம் போடும் முன் இந்த வித்தியாசத்தை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.